இலை மடித்த பக்கம்

பிப்ரவரி 3, திங்கள். மதுரை

ரயிலை விட்டு இறங்குவதற்குள் ஓர் ஆட்டோக்காரர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். ஆட்டோ வேண்டுமென்று நான் சொல்லவே இல்லை. டவுன்ஹால் ரோட்டு லாட்ஜுக்கு நடந்தே போயிருக்கலாம். போகிற வழியில் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். இந்த ஊரைப் பற்றி நான் எழுதும் முதல் குறை இது.

வந்த வேலையை எழுதிவிடுகிறேன். எங்கள் டிபன் கடைகள் எல்லாமே சென்னையில். முதல் தடவையாக வெளியூரில் ஒரு கிளை திறக்கப் போகிறோம். மதுரையா கோவையா என்று முதலாளி தணிகாசலம் ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "மங்கையம்மா, ரெண்டு ஊரையும் நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. நீங்க சொல்ற ஊர்லதான் கடை. நடத்தப் போறதும் நீங்கதான்" என்றார். பண்பாடு, ராத்திரி நடமாட்டம், வியாபாரம் என்று மூன்று தலைப்பும் கொடுத்தார். எந்த ஊரைச் சொல்கிறேனோ அந்த ஊரில் நான் குடியிருக்க வேண்டும். என் வயதுக்கு இதுதான் கடைசி மாற்றலாக இருக்கும்.

கோவையில் என் மகள் தாரணி இருக்கிறாள். அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாளைக்கு யாரும் ஒன்று சொல்லக்கூடாது என்பதற்காக இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

வேலை செய்கிற விதத்தைப் பற்றி இன்று ஒருவர் கேட்டார். மேலமாசி வீதியில் நான் சாப்பிட்ட கடையின் கல்லாவில் இருந்தவர். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் மற்றவர்களுடைய எச்சில் இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்கிறது. பாவம், கேட்காமல் என்ன செய்வார்.

எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். நான் இந்த வேலைக்கு வந்தது மேஜை துடைப்பவர்களை மேய்க்கத்தான். சாப்பிட்டவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பிரமாதம் என்பார். இலையைப் பார்த்தால் பாதிப் பொங்கல் கிடக்கும். எதை ஒதுக்கினார், எதை வழித்துத் தின்றார், எந்தப் பக்கம் மடித்தார் என்பதில் எல்லாம் வந்துவிடும். திருப்தியாகச் சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கமாக மடிப்பார். துக்க வீட்டில் மட்டும் எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடிப்பார்கள், இப்படியொரு சாப்பாடு இனி வேண்டாம் என்று. கடையில் யாராவது அப்படித் தள்ளி மடித்துவிட்டுப் போனால், கோபத்தில் உறவை முறித்துக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். வாசல் வரை ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட நான் தப்பாகப் படித்ததில்லை.

மதுரைக்காரர்கள் இலையை வழித்துவிடுகிறார்கள். சட்னி பிடிக்கவில்லை என்றால் இலையில் ஒதுக்குவதில்லை, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு நேரே சொல்லிவிடுகிறார்கள். இங்கே எனக்கு வேலையே இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

ராத்திரி நடமாட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் பதினோரு மணிக்கு மேல் கிளம்பினேன். பொம்பளை தனியாகக் கிளம்புகிறோமே என்று லாட்ஜ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். ஏதோ காய்கறி வாங்கப் போகிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

தெரு முழுக்க ஆவி. இட்லிக்குண்டான், புரோட்டாக் கல், பருத்திப்பால் வண்டி. பெஞ்சில் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது. மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ஆள் வைத்திருக்கிறவர்கள், கோர்ட்டு வேலைக்கு வந்து பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், எல்லாருக்கும் பசி. நான் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டேன். யாரும் முறைக்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

குறை: சத்தம் அதிகம். தூங்குகிற ஊரில்தான் மனிதர்கள் நன்றாக வேலை செய்வார்கள். கோவையில் இப்படி இருக்காது.

விளக்குத்தூண் பக்கம் ஒச்சம்மா என்று ஒரு பூக்காரி. வந்த அன்று ஒரு முழம் வாங்கினேன், அவ்வளவுதான். இன்று என்னைப் பார்த்ததும், "என்னக்கா, நாலு நாளா ஆளையே காணோம்? மேலுக்கு எதுவும் முடியலையாக்கும்னு நெனச்சேன்" என்றாள். அசோக் நகரில் ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். நான் ஒரு வாரம் கதவைத் திறக்காவிட்டாலும் அங்கே பால்காரர்தான் கவனிக்க வேண்டும்.

இந்த ஊரில் ஒருவரைத் தனியாக இருக்கவே விடமாட்டார்கள். இதையும் குறையில்தான் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பதினான்காம் தேதி கோவை வருகிறேன் என்று தாரணிக்குச் செய்தி அனுப்பினேன். சாயங்காலம் 'ஓகே' என்று வந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று தெப்பத் திருவிழா. திருவிழாக் கூட்டத்தைக் கணக்கில் எடுப்பது எங்கள் வேலையில் பெரிய தப்பு. ஊர் அன்றைக்கு வேஷம் போட்டுக்கொண்டிருக்கும். அதனால் அறையிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானம் ஒச்சம்மா போன் செய்து, தெப்பக்குளத்தில் கிழக்குக் கரையில் இடம் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள். என் நம்பரை எப்போது வாங்கினாள் என்பது நினைவில்லை.

போனேன். குளத்தின் நடுவில் மண்டபம், விளக்கு, தண்ணீரில் தெப்பம் மெதுவாகச் சுற்றிவருகிறது. பக்கத்தில் ஒரு குடும்பம் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தது. கேட்காமலேயே புளியோதரையை ஒரு தட்டில் வைத்து என் மடியில் வைத்தார்கள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். ஒரே பெண், கோவையில் கல்லூரியில் படிக்கிறாள் என்றேன். "லீவுக்கு இங்கிட்டு வருவாள்ல?" என்று அந்த அம்மாள் கேட்டாள். வருவாள் என்றேன். என் பெண் என்னிடம் வந்து தங்கி ஆறு வருடம் ஆகிறது.

தனியாக இருக்கிறேன் என்பது தனியாக இருக்கும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. யாராவது நகர்ந்து இடம் கொடுக்கும்போதுதான் தெரிகிறது. புளியோதரையில் நல்லெண்ணெய் கொஞ்சம் கூடுதல்.

பிப்ரவரி 13, வியாழன்

மதுரைக் குறிப்பை முடித்துவிட்டேன். பண்பாடு: நிறைய. ராத்திரி: விடிய விடிய. வியாபாரம்: கோவில், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, பூ, ஜவுளி என்று வெளியூர் ஆள் வந்துகொண்டே இருப்பார், ஆனால் சாப்பாட்டுக்கடைகளும் தடுக்கி விழுந்தால் ஒன்று இருக்கின்றன. போட்டி தாங்காது. வெயில் பங்குனிக்கு முன்னாலேயே மண்டையைப் பிளக்கிறது.

ஒச்சம்மா பஸ்ஸுக்கு என்று ஒரு பந்து மல்லிகை கொடுத்தாள். அறையில் யாருமில்லாமல் இவ்வளவு பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

பிப்ரவரி 14, வெள்ளி. கோவை

என்ன காற்று. என்ன தண்ணீர். காந்திபுரத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர், "எங்கீங்க போகோணும்?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லும் வரை காத்திருந்தார். பெட்டியைத் தொடவில்லை. வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இதுதான் நாகரிகம்.

ராம்நகரில் அறை. சுத்தமாக இருக்கிறது. தாரணிக்கு வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ரேஸ்கோர்ஸ் சாலையில் காலையில் நடந்தேன். மரத்தடியில் வரிசையாக நடக்கிறார்கள், எல்லாரும் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு. மத்தியானம் கடைவீதி அடைத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு இருப்பார்கள் போலும். வாரம் முழுக்கப் பம்பு, மோட்டார், கிரைண்டர், நூல் என்று உழைக்கிற ஊர். காசு புழங்குகிறது, காட்டிக்கொள்வதில்லை.

இங்கே டீ குடிக்க பேக்கரிக்குத்தான் போகிறார்கள். தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு நின்றேன். "வேற என்னங்க வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். "சரிங்க" என்றார். இன்று நான் பேசியது அவ்வளவுதான்.

இலைகள் இங்கே வேறு மாதிரி. பிடிக்காததை ஓரமாக, அழகாக, ஒன்றோடொன்று கலக்காமல் ஒதுக்கி வைக்கிறார்கள். கூப்பிட்டுக் குறை சொல்லமாட்டார்கள். நன்றாக இருந்ததுங்க என்று சொல்லிவிட்டுப் போய், மறுபடி வரமாட்டார்கள். மனதில் இருப்பதை இலையில்தான் பார்க்க வேண்டும். என்னைப் போல ஒருத்தி வேண்டியது இந்த ஊருக்குத்தான். இதை அறிக்கையில் எழுதுவேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தாரணி இன்று வருவதாக இருந்தது. கல்லூரியில் ஏதோ செமினாராம். வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றாள். வீட்டுக்கே வந்து ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகட்டுமா, வாசலோடு போய்விடுகிறேன் என்று கேட்டேன். வேண்டாம்மா, நானே வருகிறேன், நீங்கள் சிரமப்படாதீர்கள் என்றாள்.

முன்பெல்லாம் என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். இந்த ஊரில் பெற்றவளைக்கூட மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள்.

நானும் அவள் அப்பாவும் பிரிந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. என் கடை விடியற்காலையில் திறக்கும், ராத்திரி மூடும். அவள் அப்பாவின் அக்கா ருக்மணி அண்ணிதான், "புள்ளைய என்ற கையில உடு மங்கை, நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு அவர் தம்பி வேறு கல்யாணம் செய்துகொண்டார். அண்ணி அந்த வீட்டில் இருக்கிற தைரியத்தில்தான் நான் இத்தனை வருடம் ராத்திரி தூங்கியிருக்கிறேன். தீபாவளிக்கு அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. வயதாகிறது, போனை எங்கே வைக்கிறாரோ.

பிப்ரவரி 19, புதன்

இங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று சும்மா விசாரித்தேன். இரண்டு படுக்கையறை.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்றும் இல்லை. நாளை மத்தியானம் நிச்சயம் என்றிருக்கிறாள்.

ராத்திரி நடமாட்டத்துக்காக ஒன்பதரைக்குப் போனேன். காளான் வண்டிகளைச் சுற்றிக் கல்லூரிப் பிள்ளைகள், சிரிப்பு. பத்தரைக்கு மேல் வண்டிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். உக்கடம் பக்கம் கொஞ்சம் நடமாட்டம் இருக்கிறது என்றார்கள். நான் போகவில்லை. அமைதியான ஊர் என்று எழுதிக்கொண்டேன். அறைக்கு வந்து மதுரையில் வாங்கிய பூவின் காய்ந்த நாரை இன்றுதான் தூக்கிப் போட்டேன்.

பிப்ரவரி 22, சனி

வந்தாள்.

ஒரு காபி ஷாப்பில் பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். நான்தான் ராம்நகரிலேயே ஒரு மெஸ்ஸைச் சொன்னேன். வாழையிலைச் சாப்பாடு, எனக்கும் வேலை ஆகும் என்றேன். என்னைவிட உயரமாகிவிட்டாள். முடியைத் தோள் வரை வெட்டியிருக்கிறாள். கழுத்தில் விடுதி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து போய்வருகிறவளுக்கு விடுதி அட்டை எதற்கு, தோழி யாருடையதையாவது மாட்டிக்கொண்டு வந்தாயா என்று கிண்டல் செய்தேன். சட்டென்று கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்றாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். ரசத்தின் மணம் பற்றிப் பேசினேன். கடையில் புதிதாக வந்த மாவு மெஷின் பற்றிப் பேசினேன். எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. அவள் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டாள். அத்தையை நான் ரொம்ப விசாரித்ததாகச் சொல் என்றேன். கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். சாப்பாடு காரம் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். இந்த ஊருக்கே வந்துவிடுவேன் போலிருக்கிறது, வீடுகூடப் பார்த்திருக்கிறேன், உனக்கென்று ஓர் அறை இருக்கும், இஷ்டப்பட்டபோது வரலாம் என்றேன். ரொம்ப நாளாக ஒத்திகை பார்த்த மாதிரி வந்துவிட்டது.

"எனக்காக வர்றீங்களா?" என்றாள்.

"இல்லையில்லை, கடை விஷயமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அப்ப சரிங்கம்மா" என்றாள். சொல்லிவிட்டு, சாப்பிட்ட இலையின் கீழ் விளிம்பைத் தூக்கி எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்தாள். மெதுவாக, கவனமாக, மடிப்பின் மேல் ஒரு தடவை விரலால் அழுத்தி.

பரிமாறிய அம்மாள் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க, சாப்பாடு புடிக்கலீங்களா?" என்றார். தாரணி, ரொம்ப நன்றாக இருந்ததுங்க என்று சிரித்தாள்.

நான் இருபது வருடமாக இலை பார்க்கிறவள். எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அறிக்கையை அனுப்பிவிட்டேன். மதுரை.

பண்பாடு, ராத்திரி, வியாபாரம் மூன்றிலும் மதுரை என்று எழுதினேன். கடைகள் நெருக்கமாக இருப்பது போட்டியல்ல, பசி இருக்கிறது என்பதற்குச் சாட்சி என்று எழுதினேன். கோவையில் வியாபாரம் பெரிது, ஆனால் ஊர் வீட்டில் சாப்பிடுகிற ஊர்; பிடிக்கவில்லை என்றால் வாய் திறந்து சொல்லாத ஊர்; அதில் வெளியாள் காலூன்றுவது கஷ்டம் என்று எழுதினேன். இதில் என் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் கலக்கவில்லை.

முதலாளி உடனே போன் செய்தார். இவ்வளவு தெளிவாக இதுவரை எதையும் நான் எழுதியதில்லையாம்.

பிப்ரவரி 24, திங்கள்

ரயில். ஈரோடு தாண்டும் வரை ஜன்னல் பக்கம்.

பிப்ரவரி 28, வெள்ளி. சென்னை

மதுரையில் கட்டடம் பேசி முடித்து முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. நான் ஏப்ரலில் போக வேண்டும். கடையில் எல்லாரும் கை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்ற வைக்கவே தோன்றவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, பாதியை அப்படியே வைத்துவிட்டேன்.

பெற்ற பெண் இனி இந்த உறவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதுவும் வாயால் சொல்லவில்லை. ஒரு வாரமாக வேறு எதை எழுதினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறேன். அதனால் எழுதிவிட்டேன். வலிக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

சாயங்காலம் தாரணி கூப்பிட்டாள். எப்போதும் நான்தான் கூப்பிடுவேன்.

தோழியின் அக்கா கல்யாணத்துக்கு உடுமலைப்பேட்டை போயிருக்கிறாள். பந்தியில் சாப்பிட்டு முடித்து இலையை மடித்தாளாம். தோழியின் அம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாராம். கல்யாண வீட்டில் இப்படி மடிக்கலாமா கண்ணு, இது துக்க வீட்டு மடிப்பு அல்லவா என்று. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்களாம்.

"அம்மா, எனக்கு அப்படித்தான் மடிக்கத் தெரியும்" என்றாள். "எனக்கு அது ஒண்ணுதான் சொல்லிக் குடுத்தாங்க."

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

ருக்மணி அண்ணி போன புரட்டாசியில் போய்விட்டார். காரியத்தன்று பந்தியில் இவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் பக்கம் மடி, அந்தப் பக்கம் மடி என்று யாரோ கையைப் பிடித்து மடிக்க வைத்திருக்கிறார்கள். வீட்டில் எப்போதும் தட்டுதான். வெளியே பந்தியில் அவள் உட்கார்ந்ததே அத்தையோடு போனபோதுதான், அப்போதெல்லாம் அத்தையே இரண்டு இலையையும் சேர்த்து மடித்துவிடுவாராம்.

எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றேன்.

"அப்பா சொல்லிட்டேன்னாரு. உனக்குத் தெரியும், தெரிஞ்சும் நீ ஒரு போன்கூடப் பண்ணலன்னு நெனச்சிட்டிருந்தேன். அன்னைக்கு நீ அத்தைய விசாரிச்சதாச் சொல்லுன்னியா, அப்பத்தான் உனக்குத் தெரியாதுன்னே எனக்குத் தெரிஞ்சுது. சாப்பிடறப்ப எப்படிம்மா சொல்றது?"

அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கார்த்திகையிலேயே விடுதிக்குப் போய்விட்டாளாம். அந்த அட்டை அவளுடையதுதான். விடுமுறைக்குக்கூட விடுதியிலேயே இருந்திருக்கிறாள், வாட்ச்மேனும் இவளும் மட்டும். நான் அசோக் நகரில் தனியாக உட்கார்ந்து அவள் அத்தை மடியில் இருப்பதாக நினைத்துத் தூங்கியிருக்கிறேன்.

"நீ என் இலையவே பாத்திட்டிருந்தே. உன் மூஞ்சி மாறிப்போச்சு. இன்னைக்குத்தான் ஏன்னு புரிஞ்சுது. ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். மதுரைக்காரனாக இருந்தால் கேட்டிருப்பான். அவள் அழுது நான் முதல்முறையாகப் போனில் கேட்டேன். அண்ணிக்காக நானும் அழுதேன். 'நீ' என்று கூப்பிடுகிறாள் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

மார்ச் 3, திங்கள்

காலையில் முதலாளி அறை வாசலில் போய் நின்றேன். ஊரை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் போனேன். மேஜையில் என் அறிக்கை இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டுப் படித்திருந்தார். இந்த ஒரு அறிக்கைக்காகவே என்னைப் பங்குதாரராகச் சேர்க்கலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேசாமல் திரும்பிவிட்டேன்.

என்னிடம் இருந்த நகலை எடுத்துப் படித்துப் பார்த்தேன். வெறுப்பில் எழுதினாலும் எழுதியதில் ஒரு வரி பொய்யில்லை. கடைக்கு மதுரைதான் சரி. எனக்கு எது சரி என்று முதலாளி கேட்கவில்லையே.

ராத்திரி தாரணியிடம் சொன்னேன். கோவை என்று எழுதியிருந்தேன், உன் இலையைப் பார்த்துவிட்டு மதுரை என்று மாற்றிவிட்டேன் என்றேன். நிஜத்தில் மனதில்தான் மாற்றினேன், அறிக்கையில் கோவை என்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஆனால் அப்படித்தான் சொல்ல வந்தது. "எனக்காகத்தான் வர்றதா இருந்தியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

மார்ச் 29, சனி. மதுரை

கட்டட வேலையைப் பார்க்க முன்கூட்டியே வந்திருக்கிறேன். சுண்ணாம்பு வாசனையில் தும்மல் நிற்கவில்லை. மேலே ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறார்கள், அங்கேதான் என் படுக்கை. கோடை தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

தாரணி மத்தியானம் கிளம்பி ராத்திரி எட்டுக்கு ஆரப்பாளையம் வந்து இறங்கினாள். நாளை சாயங்காலம் திரும்பிப் போகிறாள். வெள்ளிக்கிழமை வந்திருந்தால் இரண்டு ராத்திரி இருந்திருக்கலாம் என்று வாய் வரை வந்தது, முழுங்கிவிட்டேன். ஒச்சம்மா அவளைப் பார்த்ததும், இதுதானா கோயம்புத்தூர்ப் பிள்ளை என்று கன்னத்தைத் தடவி, வெட்டிய முடியில் எப்படி வைப்பதென்று யோசித்து, கடைசியில் பூவைக் கையில் சுற்றிவிட்டாள். தாரணி அதை அடிக்கடி முகர்ந்துகொண்டே நடந்தாள்.

ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பத்து மணிக்கு மேலும் கடை திறந்திருக்கிறதே, குழந்தைகள் எல்லாம் தூங்காதா, இவ்வளவு சத்தத்தில் நீ எப்படித் தூங்குவாய் என்று கேட்டாள். எங்கள் ஊரில் இப்படி இல்லை என்றாள். கோவையைப் பற்றி நான் ஒரு குறை சொன்னதும் சண்டைக்கு வந்துவிட்டாள். தண்ணீருக்கு நிகராக ஒரு ஊரைச் சொல் பார்க்கலாம் என்றாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. மாசி வீதி முழுக்க உன் ஊர் பெரிதா என் ஊர் பெரிதா என்று பேசிக்கொண்டே வந்தோம்.

இலை போடுகிற கடையாகப் பார்த்து உட்கார்ந்தோம். இட்லி, மூன்று சட்னி, ஒரு கரண்டி சாம்பார். மல்லிச் சட்னி நன்றாக இல்லை என்று பரிமாறுகிறவரிடமே சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளாமல் வேறு கொண்டுவந்தார். அத்தைக்கு மல்லிச் சட்னி பிடிக்கும் என்றாள். தெரியும் என்றேன்.

சாப்பிட்டு முடித்தாள். கை இலையின் விளிம்புக்குப் போய் அங்கேயே நின்றது.

"எந்தப் பக்கம்னு இப்பத் தெரியும்" என்றாள். "ஆனாலும் பயமா இருக்கும்மா."

"மடிக்காதே" என்றேன். "இன்னும் ரெண்டு இட்லி வைக்கச் சொல்றேன்."

வயிறு நிறைந்துவிட்டது, வேண்டாம் என்றாள். ஆனால் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.